வகுப்புப் படங்கள் யார் கைப்பேசியில் இருக்கின்றன? பினாங்குத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவையினர் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்த மாலையில் அன்றைய படங்கள் எங்கெங்கே போய்ச் சேர்கின்றன என்று கொஞ்சம் பின்தொடர்ந்து பாருங்கள். ஸ்டுடியோக்காரரின் கேமரா கார்டில் ஒரு தொகுப்பு. அவர் கணினியில் இன்னொன்று. செயலாளருக்கு அனுப்பிய கூகுள் டிரைவ் இணைப்பில் மற்றொன்று. அந்த இணைப்பு வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களுக்குப் போனதும் நூற்றுக்கணக்கான கைப்பேசிகளில் நகல்கள். முகநூல் பக்கத்தில் ஓர் ஆல்பம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் செயலவை மாறுகிறது. பழைய செயலாளரின் கைப்பேசியில் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அழித்துவிடுங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

படம் எடுப்பதை நிறுத்தச் சொல்லி இந்த மடலை நாங்கள் எழுதவில்லை. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய மாநிலம் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பள்ளிகள் இடம் மாறி, மூடப்பட்டுப் போன நம் வரலாற்றில் பல பக்கங்களுக்கு ஒரு பழைய வகுப்புப் படம்தான் மிஞ்சியிருக்கும் சான்று. அதனால்தான் கேட்கிறோம். எந்தப் படத்தை வைத்திருப்பது, எங்கே வைப்பது, எதுவரை வைப்பது, யார் பொறுப்பில் வைப்பது என்ற நான்கையும் கேமராவைத் தூக்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் எல்லாரும் வைத்திருக்கும் இன்றைய நிலையில் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பில்லை, வரலாற்றுக்கும் பாதுகாப்பில்லை.

முதலில் சட்டம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 709, 15 நவம்பர் 2013 முதல் நடப்பில் இருக்கிறது. வணிகப் பரிவர்த்தனை சார்ந்த தரவுகளுக்கே அது பொருந்தும். மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது. இதை வைத்து “பள்ளிக்கூடம் அரசாங்கத்துடையது, நமக்கு இந்தச் சட்டம் கிடையாது” என்று பேசி முடித்துவிடுகிறோம். பாதிதான் உண்மை. வகுப்புப் படத்தை விலைக்கு விற்கும் ஸ்டுடியோ, கட்டணம் வாங்கும் டியூஷன் சென்டர், தனியார் பாலர் பள்ளி, நடன வகுப்பு ஆகியவை சட்டத்துக்கு உட்பட்டவை. சங்கமே படத்தையோ, விருந்து டிக்கெட்டையோ, டி-சட்டையையோ விற்கும்போது அதற்காகத் திரட்டிய பெயரும் எண்ணும் படமும் சட்டத்துக்குள் வருகின்றன என்று கொள்வதே பத்திரம். விற்காத படங்களில் சட்டத்தின் பிடி தளர்ந்திருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு வரும் பாதிப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே விற்றது, விற்காதது என்று பிரித்து இரண்டு வழக்கம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

2024-இல் வந்த திருத்தம் 2025 ஜனவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று கட்டங்களாக நடப்புக்கு வந்தது. சட்டத்தின் தரவுப் பாதுகாப்பு நெறிகளை மீறினால் முன்பு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். இப்போது அது 10 லட்சம் ரிங்கிட், 3 ஆண்டு. ஸ்டுடியோ போல இன்னொருவர் சார்பில் தரவைக் கையாள்பவருக்கும் பாதுகாப்புக் கடமை நேரடியாக வந்துவிட்டது. 1 ஜூன் 2025 முதல், கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவு ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு அதன்பின் 7 நாளுக்குள் சொல்ல வேண்டும். முகப் பதிவு, கைரேகை போன்ற உடற்கூறு அடையாளத் தரவுகள் இனி உணர்திறன் மிக்க தரவுகள்.

இந்தக் கடைசிச் செய்தி பலரைக் குழப்புகிறது. சாதாரண வகுப்புப் படம் முகப் பதிவு ஆகிவிடாது. ஒரு மென்பொருள் அந்த முகங்களை அளந்து, “இவரும் அவரும் ஒருவரே” என்று தொகுக்கும்போதுதான் அது அந்த வகைக்குள் போகிறது. கூகுள் போட்டோஸ் இதைத்தான் செய்கிறது. சங்கத்தின் கணக்கில் அதைப் பயன்படுத்தினால், அமைப்புகளுக்குள் போய் ஒத்த முகங்களைத் தொகுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அணைத்தால் ஏற்கெனவே உருவான முகத் தொகுப்புகளும் அந்தக் கணக்கிலிருந்து நீங்கிவிடும். ஒரு நிமிட வேலைதான், தயவுசெய்து இன்றே செய்யுங்கள்.

சட்டத்தின் 10ஆம் பிரிவு தேவைக்கு மேல் தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது. எவ்வளவு காலம் என்று அது நாள் குறிக்கவில்லை. ஆனால் இச்சட்டத்தின் கீழ் வந்த 2015ஆம் ஆண்டின் தரநிலை இரண்டு அளவுகளைத் தருகிறது. தரவு திரட்டப் பயன்பட்ட படிவங்களை, சட்டத் தேவை இருந்தாலொழிய, 14 நாளுக்குள் அகற்ற வேண்டும். பயன்பாட்டில் இல்லாத தரவுக்கு 24 மாத அகற்றும் அட்டவணை வேண்டும். எங்கள் பரிந்துரைகள் இந்த இரண்டு எண்களையும் ஒட்டியே நிற்கின்றன.

படம் எடுப்பதற்கு முன்பு செய்ய வேண்டியது சம்மதப் படிவம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதிக்க வேண்டும். அறிவிப்பு மலாய், ஆங்கிலம் இரண்டிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழையும் சேருங்கள், பாட்டியும் தாத்தாவும் வளர்க்கும் பிள்ளைகள் நம்மிடையே பலர். “படங்களைப் பயன்படுத்த அனுமதிக்கிறேன்” என்று ஒரே வரியில் ஒரே கையொப்பம் வாங்குவதால் பயனில்லை. அச்சிட்ட வகுப்புப் படம், பள்ளி அறிவிப்புப் பலகை, வகுப்புப் புலனக் குழு, முகநூல், நாளிதழ், ஆண்டு மலர், நிரந்தரக் காப்பகம் என்று ஏழு கட்டங்கள் போட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆம், இல்லை என்று குறிக்கச் செய்யுங்கள். பெரும்பாலான பெற்றோர் முகநூலுக்கு மட்டும்தான் தயங்குவார்கள். ஒரே கட்டம் வைத்தால் அந்தத் தயக்கத்தில் வகுப்புப் படத்தையும் சேர்த்து இழந்துவிடுவோம்.

சம்மதிக்காதவர்களின் பிள்ளைகளை என்ன செய்வது என்பதில்தான் நல்ல மனிதர்களும் தடுமாறுகிறார்கள். கையில் வண்ணப் பட்டி கட்டுவது, “நீ மட்டும் தள்ளி நில்” என்பது போன்றவற்றை அடியோடு விட்டுவிடுங்கள். எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் ஒரு பிள்ளையைக் கூனிக் குறுக வைக்கும் செயல் அது. பட்டியல் வகுப்பாசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். வரிசை அமைக்கும்போதே அந்தப் பிள்ளைகளை வரிசையின் ஓரங்களில் நிறுத்திவிட்டால், முழுப் படம் வகுப்புக்கு, ஓரம் வெட்டிய படம் வெளியீட்டுக்கு என்று இரண்டும் ஒரே கிளிக்கில் கிடைத்துவிடும். பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. மூன்று வரிசை வகுப்பில் ஆறு ஓரங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் அதுவே போதும். சம்மத மறுப்புக்குப் பின்னால் மணவிலக்கு வழக்கோ குடும்ப வன்முறையோ இருக்கலாம். சீருடையில் உள்ள பள்ளிச் சின்னமே அந்தப் பிள்ளை எங்கே படிக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். காரணம் கேட்காதீர்கள்.

பரிசளிப்பு விழாப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சான்றிதழை நெஞ்சுக்கு நேராக விரித்துப் பிடித்து வரிசையாக நிற்கிறார்கள். அந்தச் சான்றிதழில் பெயருக்குக் கீழே மைகிட் எண், அதாவது பிள்ளையின் அடையாள அட்டை எண், அச்சாகியிருக்கும். இன்றைய கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கினால் பன்னிரண்டு இலக்கமும் தெளிவாக வாசிக்கலாம். முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். முகம், முழுப் பெயர், பள்ளி, பிறந்த நாள், அடையாள எண் ஐந்தும் ஒரே படத்தில் முகநூலில் கிடக்கின்றன. வங்கிக் கணக்கு மோசடிக்கும் அடையாளத் திருட்டுக்கும் இதைவிட என்ன வேண்டும்? அந்த எண்ணை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுதும் மாற்ற முடியாது. சான்றிதழ் உறையை மூடியபடி பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது கோப்பையை மட்டும் பிடிக்கட்டும். அதைவிட மேலானது, சான்றிதழில் அந்த எண்ணை அச்சிடாமலே விடுவது. சங்கம் தரும் சான்றிதழுக்கு அது தேவையே இல்லை.

உதவிப் பொருள் வழங்கும் படங்களும் அப்படித்தான். பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் கையில் புத்தகப் பையையோ மாதிரிக் காசோலையையோ கொடுத்து, நன்கொடையாளரோடு நிறுத்தி எடுக்கிறோம். நன்கொடையாளருக்குச் சான்று வேண்டும் என்பது புரிகிறது. அதற்குப் பொருள்களின் படமும், பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமும், தலைமையாசிரியர் பெற்றுக்கொள்ளும் படமும் போதும். ஏழ்மையைக் காட்டும் படத்தில் ஒரு பிள்ளையின் முகம் இருக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பழைய ஆல்பங்களில் இருப்பவற்றையும் இறக்கிவிடுங்கள். சிறப்புக் கல்வி வகுப்பின் படம் உடல்நலத்தைச் சொல்கிறது, தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் எடுத்த படம் சமயத்தைச் சொல்கிறது. இரண்டும் சட்டப்படி உணர்திறன் மிக்க தரவுகள். இவற்றுக்கு வெளிப்படையான, தனிச் சம்மதம் வாங்குங்கள்.

இனி, எடுத்த பிறகு. நிகழ்ச்சிக்குப் பின் 14 நாளுக்குள் இருவர் உட்கார்ந்து தெரிவு செய்ய வேண்டும். ஒரே ஆள் செய்தால் எதையும் அழிக்க மனம் வராது. தெரிவானவை ஒரு பக்கம் போகட்டும். மீதி, அதாவது கண் மூடியவை, மங்கியவை, ஒரே காட்சியின் பத்துப் பிரதிகள், 30ஆம் நாள் அழியட்டும். புலனத்திலும் முகநூலிலும் போட்டவற்றுக்கு 24 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரக் காப்பகத்துக்கு வகுப்புக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கு ஒன்று, செயலவைக்கு ஒன்று, பெரிய நிகழ்ச்சிக்கு ஐந்து போதும். 12 வகுப்பும் 6 நிகழ்ச்சியும் உள்ள பள்ளிக்கு இது ஆண்டுக்கு 44 படம். ஒரு படம் 10 எம்பி என்றாலும் 440 எம்பி, பத்தாண்டுக்கு 4.4 ஜிபி. இலவசக் கூகுள் கணக்கின் 15 ஜிபியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. இடப்பற்றாக்குறை என்ற பேச்சு தெரிவு செய்யாததால் வருவது.

கோப்புப் பெயரில் பிள்ளைகளின் பெயரை எழுதாதீர்கள். ஆண்டு, மாதம், நாள், நிகழ்ச்சி, வகுப்பு, வரிசை எண் போதும். யார் யார் நிற்கிறார்கள் என்பதைத் தனிப் பதிவேட்டில், பின்வரிசை இடமிருந்து வலம், நடுவரிசை இடமிருந்து வலம் என்று எழுதி வேறிடத்தில் வையுங்கள். படம் தொலைந்தால் படம் மட்டும்தான் தொலையும். பெயர்ப் பட்டியலும் மைகிட் எண்ணும் அதே பென்டிரைவில் இருந்தால் அது முழுக் கசிவு, 72 மணி நேரக் கணக்கு அங்கிருந்து தொடங்கலாம். பதிவேடு இல்லாமலும் விட்டுவிடாதீர்கள். ஐம்பது ஆண்டு கழித்துப் பெயர் தெரியாத முகங்களால் வரலாற்றுக்குப் பயனில்லை.

கைப்பேசிப் படத்தோடு எடுத்த இடத்தின் ஆயத்தொலைவும் (ஜிபிஎஸ் இருப்பிடம்) பதிந்திருக்கலாம். பள்ளியில் எடுத்தது என்றால் பெரிய இரகசியமில்லை. ஒரு பிள்ளையின் வீட்டில் எடுத்த பிறந்தநாள் குழுப்படமோ ஒத்திகைப் படமோ என்றால் வீட்டு முகவரியையே கொடுத்தது போல். கேமரா அமைப்பில் இடப் பதிவை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது. எடுத்தாகிவிட்டது என்றால், விண்டோஸ் கணினியில் கோப்பின் பண்புகளைத் திறந்து, விவரங்கள் பகுதியின் அடியில் இருக்கும் தனிப்பட்ட தகவல்களை நீக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப் புலனத்தில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் கழன்றுவிடும். தரம் குறையக் கூடாதென்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். பலர் அறியாத வேறுபாடு இது.

எங்கே வைப்பது? செயலாளரின் சொந்தக் கணக்கில் வைக்காதீர்கள். பதவியின் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, மீட்பு எண்ணாகத் தனிநபர் எண் கொடுக்காமல், இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு, உறையிலிட்டுப் பள்ளிப் பெட்டகத்தில் வையுங்கள். ஆண்டுக் கூட்டம் முடிந்த அன்றே கடவுச்சொல் மாற வேண்டும். “இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்” என்ற பகிர்வை விட்டுவிட்டு, மின்னஞ்சல் வாரியாகப் பகிருங்கள், காலக்கெடு வையுங்கள். இரண்டாண்டு யாரும் திறக்காத தனிநபர் கூகுள் கணக்கை அந்நிறுவனம் உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்ற விதியும் நடப்பில் உள்ளது. மறந்துபோன கணக்கில் கிடக்கும் காப்பகம் காப்பகமே அல்ல. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று பள்ளிக்கு வெளியே என்ற பழைய கணக்கே இன்றும் சரி.

வெளிவட்டுகளையும் பென்டிரைவையும் முதல் கோப்பு ஏறுவதற்கு முன்பே பூட்டாக்கம் செய்யுங்கள், அதாவது கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி ஆக்குங்கள். விண்டோஸ் ப்ரோவில் இதற்கான பிட்லாக்கர் மென்பொருள் இருக்கிறது, இல்லாதவர்களுக்கு வெராகிரிப்ட் இலவசம். ஏன் முன்பே என்றால், பென்டிரைவிலும் எஸ்எஸ்டியிலும் அழித்த கோப்பு உண்மையில் அழிந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சாதனங்கள் தேய்மானத்தைப் பரப்புவதற்காகத் தரவை இடம் மாற்றி மாற்றி எழுதுகின்றன. மேலெழுதினாலும் பழைய பிரதி எங்கோ தங்கிவிடலாம். தொடக்கத்திலிருந்தே பூட்டியிருந்தால் கடவுச்சொல்லையும் மீட்புச் சாவியையும் அழித்ததும் எல்லாம் வாசிக்க முடியாததாகிவிடும். கேமரா கார்டை “ஃபார்மெட்” செய்தாலும் இலவச மீட்பு மென்பொருள் பெரும்பாலும் படங்களைத் திரும்ப எடுத்துவிடும். அந்தக் கார்டை அடுத்தவருக்குக் கொடுக்கும் ஸ்டுடியோக்கள் கவனிக்க வேண்டும்.

அழிப்பதும் ஒரு சொடுக்கில் முடிவதில்லை. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாளும், கூகுள் போட்டோஸில் 60 நாளும் படம் தங்கும். போய்க் காலி செய்ய வேண்டும். புலனத்தில் “எல்லாருக்கும் அழி” என்பது ஏறக்குறைய இரண்டு நாள்வரைதான், தனியே சேமித்துக்கொண்டவரிடம் அதற்குப் பிறகும் படம் இருக்கும். ஆகவே குழு அமைப்பில் ஊடகம் தானாகக் கேலரியில் சேரும் வசதியை அணைக்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்ளுங்கள், முழுத் தொகுப்பைக் குழுவில் கொட்டாதீர்கள். எதை, எந்த நாளில், யார், எப்படி அழித்தார் என்று ஒரு நோட்டில் நான்கு நெடுவரிசை போதும். இருவர் கையொப்பமிடட்டும்.

ஒரு பெற்றோர் பிறகு சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். எழுத்து மூலம் வந்தால் நிறுத்தியாக வேண்டும். முப்பது பேர் நிற்கும் படத்தில் ஒருவருக்காக முழுப் படத்தையும் அழிக்க வேண்டியதில்லை. இணையத்தில் இருப்பதை இறக்கி, ஓரமாக இருந்தால் வெட்டி, நடுவில் இருந்தால் முகத்தின் மேல் ஒளிபுகாத் திடமான நிறத்தை வைத்துப் புதிய கோப்பாகச் சேமித்து ஏற்றுங்கள். கைப்பேசிப் பேனாவின் பாதி ஒளிபுகும் மை போதாது, வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் தெரிந்துவிடும். அச்சாகி விநியோகமான ஆண்டு மலரைத் திரும்பப் பெற இயலாது. இதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

ஸ்டுடியோவோடு வாய்ப்பேச்சாக முடித்துக்கொள்ளாதீர்கள். படங்களை எத்தனை நாளில் ஒப்படைப்பார், அதன்பின் எத்தனை நாளில் தன் பிரதியை அழிப்பார், தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தமாட்டார், உதவியாளரின் சொந்தக் கைப்பேசியில் எடுக்கமாட்டார், கசிவு ஏற்பட்டால் அன்றே சங்கத்துக்குச் சொல்வார் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருதரப்பும் கையொப்பமிடுங்கள். மறு அச்சு கேட்பார்கள் என்பதற்காக 90 நாள் வைத்திருப்பது நியாயம், அதற்கு மேல் காரணமில்லை.

பழைய அச்சுப் படங்களுக்கு வருவோம். 2024 திருத்தம் இறந்தவர்களைச் சட்டத்தின் பாதுகாப்பு வரம்பிலிருந்து வெளியே வைத்துவிட்டது. ஆகவே மிகப் பழைய படங்களைப் பயமின்றிப் பேணலாம். பயப்பட வேண்டியது பூசணத்துக்குத்தான். பினாங்கின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும், படங்களுக்கு வேண்டியது 30 முதல் 50. கேமராக்காரர்கள் பயன்படுத்தும் டிரை கேபினெட் (ஈரப்பதத்தைக் குறைக்கும் அலமாரி) ஒன்று வாங்குங்கள். முடியாவிட்டால் இறுக்கமாக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறும்போது மாற்றுங்கள். ஒட்டும் பக்க ஆல்பங்களின் பசை படத்தின் மேல் ஏறிவிடும், பிவிசி உறை நாளடைவில் அமிலம் கக்கும். பாலிப்ரொப்பிலின் அல்லது பாலியெஸ்டர் உறை பாதுகாப்பானது. பின்புறம் எழுத மென்மையான பென்சில் மட்டும். 4ஆர் அளவுப் (4க்கு 6 அங்குலம்) படத்தை ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி (டிபிஐ) வீதம் நகலெடுத்தால் 2400க்கு 3600 புள்ளி கிடைக்கும், டிஃப் கோப்பாக ஏறக்குறைய 26 எம்பி. அதைக் கைப்பேசியால் மேலிருந்து படம் பிடித்தால் கண்ணாடிப் பளபளப்பும் சாய்வும் சேர்ந்து பதியும்.

உங்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூன்று தீர்மானங்களைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். படப் பொறுப்பாளர் ஒருவரையும் துணைப் பொறுப்பாளர் ஒருவரையும் பெயர் சொல்லி நியமிப்பது ஒன்று. ஏழு கட்டச் சம்மதப் படிவத்தையும் 14 நாள், 30 நாள், 24 மாத அட்டவணையையும் ஏற்பது மற்றொன்று. பதவி விலகும் செயலவையினர் தங்கள் கைப்பேசியிலும் கணக்கிலும் உள்ள பள்ளிப் படங்களை ஒப்படைத்து, 30 நாளுக்குள் அழித்ததாக எழுதித் தருவது மூன்றாவது. மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு வரும். அதைத் தலைவரே முதலில் எழுதிக் கொடுத்தால் மற்றவர்கள் மறுக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
பள்ளிப் படங்களைப் பேணும் பணியிலும் தரவுப் பாதுகாப்புப் பணியிலும் இருப்போர்,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு